ஒயரில் மிச்சம் பிடித்தேன்!

'எலக்ட்ரீஷியன் சாமானில் கமிஷன் அடிக்கிறார்' என்று புலம்பாத வீடு உண்டா? நானும் அப்படிப் புலம்பியவள்தான். பட்ட பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. அதைச் சக வாசகியரிடம் சொல்லவே இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு ரூமும், பாத்ரூமும் எடுத்தோம். ஒயரிங் வேலைக்கு எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டோம். பாயிண்டுக்கு இவ்வளவு என்று அவர் கேட்ட கூலியைக் கறாராகப் பேசிக் குறைத்தேன். மறுநாள் சாமான் லிஸ்ட் கொண்டு வந்தார். மொத்தம் 16,400 ரூபாய். பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். அதே லிஸ்ட்டை இன்னொரு கடையில் காட்டினேன். 12,900 ரூபாய் என்றார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"அண்ணே, சாமானை நாங்களே வாங்கிக்கிறோம். நீங்க வேலையை மட்டும் பாருங்க" என்றேன்.

"சரிம்மா. ஆனா சாமானுக்கு நான் பொறுப்பில்லை" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைக்காரர், "2.5 ஒயர் எதுக்கும்மா, 1 ஸ்கொயர் எம்.எம்.மே தாராளம். இந்த சுவிட்ச் பாதி விலைதான்" என்று ஆசை காட்ட, 9,800 ரூபாயில் முடித்து விட்டேன். சாமானைப் பார்த்த அண்ணன், "ஹீட்டர் போட்டா இது தாங்காதும்மா" என்றார். கமிஷன் போன ஆத்திரத்தில் சொல்கிறார் என்று நான் காதில் வாங்கவில்லை.

மார்கழிக் குளிருக்கு 3,000 வாட் ஹீட்டர் மாட்டினோம். ஒரு நாள் காலை குளிக்கப் போன என் மகன், "அம்மா, ரப்பர் எரியற வாடை வருது" என்று கத்தினான். ஓடிப் போய்ப் பார்த்தால் சுவிட்ச் உருகி, புகை வருகிறது. ஈரக் கையோடு அதை அணைக்கக் கையை நீட்டுகிறான் பிள்ளை! என் மாமியார் மட்டும் கீழே ஓடி மெயினை இறக்கியிருக்கா விட்டால்... நினைத்தாலே இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அதே அண்ணன்தான் வந்தார். 'அன்னைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும், ஒல்லி ஒயர் சூடேறி விடும் என்று விளக்கினார். பைப்புக்குள் இருந்த ஒயரை உருவி வேறு போட்டு, சுவிட்சுகளையும் மாற்றியதில் 7,000 ரூபாய் ஆனது. கூட்டிப் பாருங்கள். முதலில் அவர் கேட்டதை விட 400 ரூபாய் அதிகம்!

டீ கொடுத்து விட்டு, கமிஷன் விஷயத்தை நேராகவே கேட்டேன். மறைக்கவில்லை. "கடையில கொடுக்கிறது நிஜம்தாம்மா. சில கம்பெனி ஒயர் பெட்டிக்குள்ளேயே எங்களுக்குக் கூப்பன் இருக்கும். நீங்க கொடுக்கிற கூலியில ஹெல்பருக்குப் போக என்ன மிஞ்சும்? கடைக்கு நாலு நடை அலையணும், சுவிட்ச் கெட்டுப் போனா மாத்தித் தரணும். எல்லாரும் கூலியைக் குறைக்கறாங்க, நாங்க சாமான்ல எடுக்கறோம்" என்றார்.

அவர் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். நமக்குத் தெரியாமல் எடுப்பது தப்புதான். ஆனால், கூலியை அடிமாட்டு விலைக்குப் பேசிய என் மேலும் தப்பு இருக்கிறதே!

சமீபத்தில் சமையலறைக்கு பாயிண்ட் போட்ட போது இப்படிச் செய்தோம்:

* நியாயமான கூலி, கடைக்கு அலையத் தனியாக ஒரு தொகை. சாமானில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே பேச்சு.

* ஒயரின் அளவு, எத்தனை மீட்டர் எல்லாம் லிஸ்ட்டில். அதில் கடைக்காரர் பேச்சைக் கேட்டு நாம் மாற்றக் கூடாது.

* அவரையும் அழைத்துப் போய் வாங்கி, பில் நம் பெயரில். பில் இருந்தால் மிச்சச் சாமானைத் திருப்பிக் கொடுக்கவும் வாய்ப்புண்டு. கடையில் ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

* ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பி.வி.சி. ஒயரில் ஐ.எஸ். 694, சுவிட்சில் ஐ.எஸ். 3854 என்றிருக்கும். முத்திரைக்குக் கீழே உள்ள சி.எம்./எல். எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் போட்டால் அசலா, போலியா என்று தெரிந்து விடும்.

* மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டச் சொல்லுங்கள். கசிவு இருந்தால் கரண்டைத் துண்டித்து உயிரைக் காக்கும்.

2019-ல் எங்கள் ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசலுக்கு நல்ல பூட்டாகத் தேடி வாங்கத் தெரிந்த திண்டுக்கல்காரி, சுவருக்குள் ஓடும் ஒயரில் கோட்டை விட்டேன். நீங்களாவது உஷாராக இருங்கள், தோழியரே!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.