குதிரைக்கு ஒரு கைப்பிடி

கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம். கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளுமாம். குதிரையின் சாமர்த்தியத்தை எள்ளி நகையாடும் இப்பழமொழியை அறியாத அங்கத்தினர் நம்மில் இரார். ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்கும் நாம் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. கொள்ளுக்குத் திறக்கும் அந்த வாய் சர்க்கரைப் பொங்கலுக்கும் திறக்கும். புளித்த சோற்றுக்கும் திறக்கும். கழுத்தில் தொங்கும் அரளி மாலைக்கும் சில வேளை திறக்கும். இது போதும், இது ஆகாது என்று தள்ளும் விவேகம் அதனிடம் குறைவு. அந்த விவேகம் கொடுக்கிற கையில்தான் இருக்கவேண்டும்.

நெசவாளரும் விவசாயியும் படிக்கும் பத்திரிகையில் குதிரைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஆடி மாதத்தில், அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில், குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையைக் கண்டவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். பவானியில் ஜமக்காளம் நெய்யும் குடும்பங்களும், சுற்றுப்பட்டிகளில் மஞ்சளும் கரும்பும் பயிரிடும் குடும்பங்களும் குழந்தைகளோடு அங்கே வந்து சேருகின்றன. பர்கூர் மலைமாடுகள் ஒரு புறம் நிற்க, மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் மற்றொரு புறம் நிற்கும். வாங்க வந்தவர் சிலர். பார்க்க வந்தவர் மிகப் பலர். பார்க்க வந்தவர் வெறுங்கையோடு நிற்பதில்லை. பொரி, ஜிலேபி, வாழைப்பழம், பொட்டலத்தில் மிஞ்சிய சோறு என்று கையில் இருப்பதை நீட்டுகிறார்கள். ஒவ்வொருவர் கொடுப்பதும் ஒரு வாய்தான். மாலைக்குள் அக்குதிரை தின்றது எத்தனை வாய் என்று எவரும் கணக்கு வைப்பதில்லை. கணக்குப் பார்ப்பதையே உத்தியோகமாகக் கொண்டவனுக்கு இது மனத்தை உறுத்துகிறது.

ரேக்ளா ஓட்டுபவரும், திருமண ஊர்வலத்துக்கு அனுப்புபவரும், மலை ஊர்களில் பிரயாணிகளை ஏற்றிப் பிழைப்பவரும் பெரும்பாலும் ஒன்றிரண்டு குதிரைகளை வைத்தே குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களுக்குக் குதிரை போயிற்றென்றால் முதலே போயிற்று.

அன்பினால் குதிரையைக் கெடுக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. அக்காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஒரு வணிகரோடு செய்துகொள்ளப்பட்ட ஏற்பாட்டின்படி ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்பப்பட்டதாகவும், ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தினார் விலை என்றும் எழுதியிருக்கிறார். அத்தனை பொன் கொடுத்து வாங்கிய குதிரைக்கு நம்மவர் இட்ட தீனியைக் கண்டு அவர் வியப்படைகிறார். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமை. வெண்ணெயிட்டுப் பக்குவப்படுத்திய தானியம். குடிப்பதற்குக் காய்ச்சிய பசும்பால்! கொழுக்கவேண்டும் என்று நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிவைத்து, பிறகு பழக்காமலேயே ஏறி ஓட்டினார்களாம். சில காலத்துக்குள் வலிமை மிக்க குதிரைகளும் தளர்ந்து பயனற்றுப் போயின என்கிறார். ஏறக்குறைய அதே காலத்தில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோவும், இறைச்சி கலந்த சோற்றைக் குதிரைக்குக் கொடுத்ததைக் குறிப்பிட்டு, அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்று எழுதினார். வெளிநாட்டார் சற்றுக் கூட்டியே சொல்லியிருக்கலாம். நம் நாட்டின் வெப்பத்துக்கும் இச்சாவுகளில் பங்கு இருந்திருக்கும். எனினும், வீட்டில் உயர்ந்தது எதுவோ அதையே குதிரைக்கும் ஊட்டவேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் இருக்கிறது என்பதை மறுக்க இயலாது.

அந்த எண்ணம் ஏன் பிழையாகிறது என்பதற்குக் குதிரையின் வயிறே விடை சொல்லும். பெரிய பசுவின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும். குதிரையின் இரைப்பையோ 8 முதல் 15 லிட்டர் அளவே. பசுவைப்போல் அது அசைபோடுவதில்லை. நம்மைப்போல் வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. உள்ளே சென்றது முன்னோக்கிச் செல்லவேண்டியதுதான். சோறு, மாவுப்பண்டம், இனிப்பு ஆகியவை மிகுதியாகச் சென்றால் சிறுகுடலில் செரித்து முடியாமல் பெருங்குடலை அடைந்து அங்கே புளித்துப் பொங்கும். அதனால் வாயு சேர்ந்து சூலை உண்டாகும். குளம்பின் உட்பகுதி அழன்று, நிற்கவும் மாட்டாமல் போவதும் உண்டு. ஆகவே குதிரைக்கு ஆகாரம் என்பது புல்தான். அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கேனும், அதாவது 350 கிலோ குதிரைக்கு ஐந்து கிலோவுக்குக் குறையாமல், உலர்ந்த புல் தினமும் வேண்டும். தின்பண்டம் என்று நாம் கொடுப்பதெல்லாம் அதற்கு மேல் ஒரு கைப்பிடியே.

அந்தக் கைப்பிடிக்கு நம் மானாவாரி நிலத்துக் கொள்ளைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் கருத்து. தென் மாவட்டங்களில் காணம் என்று வழங்குவது இதுவே. ஆங்கிலத்திலும் இதற்குக் குதிரைப் பயறு என்றே பெயர். வடக்கே குதிரைகளுக்குக் கடலை இட்ட காலத்தில் சென்னை ராஜதானியில் கொள்ளையே வேகவைத்து இட்டார்கள். வேகவைத்தது வீண் வேலையன்று. பச்சைக் கொள்ளில் புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் இருந்தாலும், அப்புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருளும் உடன் இருக்கிறது. ஊறவைத்து நன்றாக வேகவைத்தால் அதன் வேகம் பெரிதும் அடங்கிவிடும்.

செய்முறை எளிது. கால் கிலோ கொள்ளைக் கல், மண் நீக்கிக் கழுவி, இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீரில், விரலால் நசுக்கினால் மாவாகும் பக்குவம் வரையில் வேகவைத்து வடித்து ஆறவிட்டு, ஒன்றிரண்டாக மசிக்கவும். அதனுடன் அன்று அரைத்த தவிடு 150 கிராம், துருவிய காரட் இரண்டு, சிறிது நீரில் கரைத்து வடிகட்டிய வெல்லம் 40 கிராம், இரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசைந்து எலுமிச்சம்பழ அளவில் உருட்டினால் இருபதுக்கு மேற்பட்ட உருண்டைகள் கிடைக்கும். ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு நான்கு போதும். ஆகையால் ஒரே குதிரை உள்ள வீட்டார் கால் பங்கே செய்துகொள்வது நல்லது. நம் ஊர் வெயிலில் காலையில் பிடித்த உருண்டை மாலையில் புளிக்கத் தொடங்கிவிடும், மறுநாளைக்கு வைக்கலாகாது. முன்பு குளம்பு நோய் கண்ட குதிரைக்கும், கொழுத்து வேலையின்றி நிற்கும் குதிரைக்கும் வெல்லத்தை அறவே விட்டுவிடவேண்டும்.

நான்கைந்து நாள் வைத்திருக்க விரும்புபவர் ரொட்டியாகச் செய்யலாம். வறுத்து அரைத்த கொள்ளு மாவு இரு பங்கு, கேழ்வரகு மாவு ஒரு பங்கு, சிறிது உப்பு. வெந்நீர் விட்டுப் பிசைந்து, தோசைக்கல்லில் மெல்லியதாகத் தட்டி, எண்ணெயின்றி இளந்தீயில் ஈரம் போகும்வரை சுட்டு, ஆறியபின் நாணய அளவில் ஒடித்து டப்பாவில் மூடிவைக்கவும். பல் தேய்ந்த கிழக்குதிரைக்கு நீரில் நனைத்துக் கொடுக்கவேண்டும். பூசணம் தோன்றினால் ஒரு துண்டுக்காக முழு டப்பாவையும் குப்பையில் கொட்டத் தயங்கக்கூடாது. மக்காச்சோளத்தில் பிடிக்கும் ஒருவகைப் பூசணம் குதிரையின் மூளையையே அழிக்கவல்லது.

தவிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசித் தவிட்டில் எண்ணெய் மிகுதியாதலால் ஆலையிலிருந்து வந்த சில நாட்களுக்குள் காறல் வாடை பிடிக்கும். வாடை வந்ததைக் கொடுக்கக்கூடாது. மேலும், மலிவாகக் கிடைக்கிறதென்று நாள்தோறும் தவிட்டையே அள்ளியிட்டால் அதிலுள்ள மணிச்சத்து மிகுந்து சுண்ணாம்புச்சத்து குறைந்து எலும்பு நலியும், முகம் வீங்கும். இங்கிலாந்தில் மாவாலைக்காரர்களின் குதிரைகளுக்கு இந்நோய் வந்ததால் அதற்கு ஆலைக்காரர் நோய் என்றே பெயர் வழங்கியது.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, சாக்லேட் இவற்றைக் குதிரையின் பக்கம் கொண்டுசெல்லவே வேண்டாம். வாழைப்பழம் ஒன்று, தோல் சீவிய கரும்புத் துண்டு இரண்டு, இவற்றால் தீங்கில்லை. காரட்டைக் காசுபோல் வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்; நீளவாக்கில் நறுக்குவதே முறை. அரளியோ இவை எல்லாவற்றினும் கொடியது. சில இலைகள் உள்ளே போனாலே இதயம் நின்றுவிடக்கூடும். வாடினாலும் விஷம் குறைவதில்லை. திருவிழாவில் குதிரைக்கு மாலை சூட்ட விரும்புவோர் சாமந்தியாகப் பார்த்துச் சூட்டட்டும்.

இன்னும் ஒரு விஷயம் சங்கங்களின் தீவன விற்பனைப் பிரிவைச் சார்ந்தது. கோழித் தீவனம் சிலவற்றிலும், மாட்டுத் தீவனம் சிலவற்றிலும் மோனென்சின் என்னும் மருந்தைக் கலப்பதுண்டு. கோழிக்கும் மாட்டுக்கும் உரிய அளவில் கேடு செய்யாத அம்மருந்து குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். வீட்டில் மூட்டை இருக்கிறதென்று அதிலிருந்து ஒரு பிடி எடுத்து உருண்டையில் சேர்ப்பவர் உண்டு. மூட்டையின் மேலுள்ள அச்செழுத்தைப் படித்துச் சொல்வது விற்பனையாளரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

கொடுக்கும்போது உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலை ஒட்டிவைத்து, அதன்மேல் பண்டத்தை வைத்து நீட்டவேண்டும். தன் வாய்க்கு நேர் கீழே உள்ளது குதிரைக்குத் தெரியாது. மீசை மயிராலும் உதட்டாலும் தடவியே எடுக்கும். விரலைக் குவித்தால் விரலும் பண்டமாகிவிடும். பிறர் குதிரையானால் உடையவரைக் கேட்காமல் எதையும் நீட்டுதல் தகாது. எப்போதும் கொடுத்துக்கொண்டேயிருந்தால் கடிக்கப் பழகும். லாடம் கட்டி முடிந்தபின், மருந்து குடித்தபின், மேய்ச்சலிலிருந்து அழைத்தவுடன் வந்தபின் என்று காரணத்தோடு கொடுத்தால், அதே உருண்டை அடுத்த தடவை வேலையைச் சுலபமாக்கும்.

தீனி எடுக்காமல் நிற்பது, முன்காலால் தரையைப் பறிப்பது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, வியர்ப்பது, சாணம் போடாதிருப்பது ஆகியவை சூலையின் அறிகுறிகள். உடனே தீனியை அகற்றிக் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். மூங்கில் குழாயால் எண்ணெயும் கஷாயமும் புகட்டுவது பழைய வழக்கம். நுரையீரலுக்குள் சென்றுவிடும் ஆபத்து இருப்பதால் அதைக் கைவிடுவதே நல்லது.

புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த கொள்ளு தையில் களத்துக்கு வருகிறது. ஆடிச் சந்தைக்கு அதிலிருந்து ஆறு மாதம் இருக்கிறது. நன்கு காயவைத்து வண்டு விழாமல் இருப்பு வைத்து, ஒரு கிலோ பைகளில் சந்தைத் திடலிலேயே விற்க விவசாயிகள் சங்கம் முன்வந்தால், வாங்குபவருக்கும் பயிரிட்டவருக்கும் நல்ல விலை கட்டும். பையின்மேல் சங்கத்தின் பெயருக்குக் கீழே, இரவு முழுதும் ஊறவேண்டும், விரலில் மசியவேண்டும், நாளைக்கு நான்கு உருண்டைக்கு மேல் ஆகாது என்னும் மூன்று வரிகளை அச்சிடுவதற்கு அதிகச் செலவாகாது.