எரிக்சன் விழுந்தப்போ நடந்தது ஹார்ட் அட்டாக்கா?

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். யூரோ கப்ல டென்மார்க், பின்லாந்து மேட்ச். முதல் பாதி முடியப்போற நேரம். த்ரோ-இன் வாங்க வந்த கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் இடிக்காமலே சரிஞ்சு விழுந்தார். வயசு 29.

நிறைய பேர் ஹார்ட் அட்டாக்னு சொன்னாங்க. நடந்தது கார்டியாக் அரெஸ்ட். நான் கோடு எழுதுற ஆள், டாக்டர் இல்ல. ஆனா இந்த வித்தியாசம் எல்லாருக்கும் தெரியணும்.

ஹார்ட் அட்டாக், பைப் அடைப்பு மாதிரி. இதயத் தசைக்கு ரத்தம் போற குழாய் அடைச்சுக்கும். ஆள் பெரும்பாலும் நினைவோட இருப்பார். கார்டியாக் அரெஸ்ட் கரண்ட் கோளாறு. துடிப்பை நடத்துற மின்சாரம் தாறுமாறாகி, இதயம் ரத்தத்தைத் தள்ளாது. சில நொடியில நினைவு போயிடும். மூளை சில நிமிஷம்தான் தாங்கும்.

அதனாலதான் களத்துலயே சி.பி.ஆர். பண்ணி, டிஃபிப்ரிலேட்டர்ல ஷாக் கொடுத்தாங்க. ஸ்ட்ரெச்சர்ல போறப்பவே நினைவு வந்திடுச்சு. அப்புறம் ஐ.சி.டி.ங்கிற சின்னக் கருவியை உடம்புக்குள்ள வெச்சாங்க. துடிப்பு தப்பினா அதுவே ஷாக் கொடுக்கும். இத்தாலி லீக்ல அதோட ஆட அனுமதி இல்ல. இன்டர் மிலானை விட்டு, 2022ல பிரென்ட்ஃபோர்டுக்கு ஆடினார். 2024 யூரோவுல கோலும் அடிச்சார்.

உங்க முன்னாடி ஒருத்தர் விழுந்தா? தட்டிக் கூப்பிடுங்க. அசைவில்ல, மூச்சும் சரியில்லன்னா 108க்கு அடிங்க. நெஞ்சு நடுவுல 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100–120 தடவை அழுத்துங்க. ஏ.இ.டி. மெஷின் பக்கத்துல இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க. என்ன பண்ணணும்னு அதுவே பேசிச் சொல்லும். உங்க ஆபீஸ்ல அது எங்க இருக்குன்னு நாளைக்கே விசாரிங்க.