பக்கத்து சீட்டில் ஒரு கேப்டன்

வேலை விஷயமா மாசத்துக்கு ரெண்டு தடவையாவது நான் ஃபிளைட் ஏறுவேன். அப்படி ஒரு ஜனவரி ராத்திரி டெல்லியிலிருந்து சென்னை வரும்போது நடந்ததைத்தான் இந்த எபிசோட்ல சொல்லப்போறேன்.

பனிமூட்டத்தால ஃபிளைட் லேட். பனி விலகி மத்த ஃபிளைட் எல்லாம் கிளம்புது, எங்களது மட்டும் நிக்குது. "க்ரூவோட டியூட்டி நேரம் முடிஞ்சிடுச்சு, வேற க்ரூ வரணும்"னு அறிவிப்பு. காலையில எனக்கு கிளையன்ட் டெமோ. மூணு மணி நேரம் பறக்கறதுல என்ன ஆகிடப் போகுதுன்னு செம கோபம்.

ஒருவழியா ஏறி உட்கார்ந்தா, பக்கத்து சீட்ல யூனிஃபார்மோட ஒரு கேப்டன். மறுநாள் சென்னையிலிருந்து ஓட்டுறதுக்காக பயணியா வர்றார். என் புலம்பலைக் கேட்டுட்டு, "தம்பி, இப்படி சும்மா உட்கார்ந்து வர்றதும் எனக்கு டியூட்டிக் கணக்குதான்"னு சிரிச்சார்.

அவர் விளக்கினது இதுதான். பைலட்டோட டியூட்டி விமானம் மேலே ஏறும்போது தொடங்கறதில்ல, வேலைக்கு ரிப்போர்ட் பண்ற நேரத்திலேயே தொடங்கிடும். பனிக்காகக் காத்திருந்த நேரமும் அதுல சேரும். எதிர்பாராத தாமதம்னா கேப்டன் கொஞ்சம் நீட்டிக்கலாம், அதுக்கும் எல்லை உண்டு. 2024 ஜனவரியில டிஜிசிஏ இந்த விதிகளை இன்னும் இறுக்கி, வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்குச்சு.

"எனக்கு ஒண்ணும் இல்ல, ஓட்டிடுவேன்னு பைலட்டே சொன்னா?"ன்னு கேட்டேன்.

"அசந்து போனவனுக்கு, தான் அசந்திருக்கிறதே தெரியாது தம்பி. அதான் அவன்கிட்ட கேட்காம கடிகாரத்தைக் கேட்கிறாங்க."

2010 மே 22-ல துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூருல ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தாங்க. கேப்டன் வழியில ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல தூங்கியிருந்தார், அந்தத் தூக்கக் கலக்கமும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்னு விசாரணை அறிக்கை சொல்லுது.

அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரல. அதுக்கு முந்தின வருஷம் ஒரு ரிலீஸ் ராத்திரி ரெண்டு மணிக்கு, டெஸ்ட் சர்வர்னு நினைச்சு புரொடக்ஷன்ல டேட்டாவை அழிச்சவன் நான். அதுக்கு பத்து நிமிஷம் முன்னாடிதான் மேனேஜர் "ஓகேவா?"ன்னு கேட்டார். "சூப்பரா இருக்கேன்"னு சொன்னேன், நிஜமாவே அப்படித்தான் தோணுச்சு. காலையில ஏழு மணிக்கு எழுந்தவன், அப்போ 19 மணி நேரமா முழிச்சிருக்கேன். 17 மணி நேரம் முழிச்சிருந்தாலே, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற அளவுக்கு செயல்திறன் குறையும்னு 1997-ல 'நேச்சர்' இதழ்ல ஓர் ஆய்வு வந்திருக்கு. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட அனுமதிக்கிற அளவே 0.03தான்.

ஊருக்கு வந்ததும் டீம்ல ஒரு விதி கேட்டேன்: 16 மணி நேரத்துக்கு மேல முழிச்சிருக்கிறவங்க புரொடக்ஷனைத் தொடக்கூடாது. பாதிதான் கிடைச்சது. ராத்திரி ரிலீஸுக்கு இப்போ ரெண்டு பேர், அதுல ஒருத்தர் மதியம் தூங்கிட்டு வரணும்.

அடுத்த தடவை "க்ரூ டியூட்டி முடிஞ்சிடுச்சு"ன்னு அறிவிப்பு வந்தா, கவுண்டர்ல இருக்கிறவங்க மேல பாயாதீங்க. டெமோவை மாத்தி வெச்சுக்கலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!