சிவப்புத் தங்கம்

தங்கத்தின் நிறம் என்ன? மஞ்சள் என்று தயங்காமல் கூறுவீர்கள். ஆனால் லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையத்தில் சில பழைய குப்பிகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்றில் இருக்கும் சிவந்த நீர்மத்தில் சாயம் எதுவும் சேர்க்கப்படவில்லை. அதன் நிறத்துக்குக் காரணம் தங்கமே!

இந்த நீர்மத்தைத் தயாரித்தவர் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே. தங்கக் குளோரைடு கரைசலில் பாஸ்பரசைச் செயல்படச் செய்து, தங்கத்தை அவர் பிரித்தார். அது அடியில் படியாமல், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக நீரில் பரவி நின்றது. துகள்கள் மிகச் சிறியனவாக இருப்பதே இந்த நிறத்துக்குக் காரணம் என்று 1857-ஆம் ஆண்டில் ஃபாரடே விளக்கினார். அத்துகள்களைக் காட்டவல்ல எலெக்ட்ரான் நுண்பெருக்கி தோன்றியதோ 1930-களில்தான்.

இன்று நாம் நானோ தொழில்நுட்பம் என்று அழைக்கும் துறையின் அடிப்படை உண்மை அந்தக் குப்பியிலேயே அடங்கியுள்ளது. ஒரு பொருளை மிகமிகச் சிறிதாக்கினால், அதன் அளவு மட்டுமன்றிக் குணமும் மாறிவிடுகிறது.

எவ்வளவு சிறிது?

ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால், அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நீங்கள் எழுதும் தாளின் கனம் ஏறக்குறைய 1,00,000 நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள துகள்களையே நானோ துகள்கள் என்கிறோம். குறுக்களவு 20 நானோமீட்டர் உள்ள தங்கத் துகளில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் அணுக்கள் இருக்கும்.

குணம் ஏன் மாறுகிறது? இரண்டு காரணங்களைக் காண்போம்.

முதலாவது, மேற்பரப்பு. பக்கத்துக்கு 1 செ.மீ. உள்ள தங்கக் கனசதுரம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் எடை இரண்டரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. மேற்பரப்பு 6 சதுர செ.மீ. இதை 1 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டுவதாகக் கொள்வோம். மொத்த மேற்பரப்பு ஒரு கோடி மடங்கு பெருகி, 6,000 சதுர மீட்டர் ஆகிவிடும். அதாவது சுமார் ஒன்றரை ஏக்கர்! உள்ளே மறைந்திருந்த அணுக்கள் வெளியே வந்து, பிற பொருள்களோடு வினைபுரிய ஆயத்தமாக நிற்கின்றன.

இரண்டாவது, எலெக்ட்ரான்கள். உலோகத்தில் எளிதில் நகரக்கூடிய எலெக்ட்ரான்கள் ஏராளம். நுண்துகளுக்குள் அடைபட்ட இவை, ஒளி படும்போது ஒன்றாகச் சேர்ந்து ஊசலாடுகின்றன. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்றபடி தள்ளினால்தானே அது நன்றாக ஆடும்? அதுபோல, 20 நானோமீட்டர் தங்கத் துகளின் எலெக்ட்ரான்களைப் பச்சை ஒளியே மிகுதியாக ஆட்டுகிறது. பச்சை ஒளி உறிஞ்சப்படுவதால் நீர்மம் சிவப்பாகத் தெரிகிறது. அதில் சிறிது உப்பைச் சேர்த்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். உடனே நிறம் நீலமாகிவிடும்.

ஒரு துளி இரத்தம், ஒரு சிவப்புக் கோடு

நுண்பெருக்கியோ ஆய்வுக்கூடமோ இல்லாத ஒரு சிற்றூரில் குழந்தைக்குக் கடும் காய்ச்சல். அது மலேரியாவா? உடனே தெரிந்தாக வேண்டும். மலேரியாவின் கொடிய வகை, சிகிச்சை தாமதமானால் உயிரையே பறித்துவிடக்கூடும். சுகாதாரப் பணியாளர் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, சோதனைப் பட்டையில் இடுகிறார். ஏறக்குறைய இருபது நிமிடங்களில் விடை தெரிந்துவிடுகிறது.

இத்தகைய பட்டைகள் பலவற்றில் வேலை செய்வது ஃபாரடேயின் சிவப்புத் தங்கமே. பட்டையின் ஒரு முனையில், எதிர்ப்பொருள் என்னும் புரதம் ஒட்டப்பட்ட தங்கத் துகள்கள் உள்ளன. இரத்தத்தில் மலேரியாக் கிருமியின் புரதம் இருந்தால், எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொள்ளும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நீர்மம் பட்டையில் ஊர்ந்து செல்லும். வழியில் ஒரு கோட்டில் நிலையாகப் பொருத்தப்பட்ட வேறு எதிர்ப்பொருள்கள், அதே புரதத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. தங்கத் துகள்களும் அங்கேயே குவிய, சிவப்புக் கோடு தோன்றுகிறது. பட்டை சரியாக வேலை செய்ததா என்பதைக் காட்ட மற்றொரு கோடும் உண்டு. அது தோன்றாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது.

சாதாரணத் தங்கப் பொடியால் இந்த வேலை நடக்குமா? நடக்காது. அது பட்டையின் நுண்துளைகளில் நகராமல் தங்கிவிடும்; அதற்குச் சிவப்பு நிறமும் இராது.

சோம்பேறி சுறுசுறுப்பானது

தங்கம் துருப்பிடிப்பதில்லை, எளிதில் வினைபுரிவதும் இல்லை. எனவே வேதியியலில் அதைச் சோம்பேறி உலோகமாகவே கருதினர். 1987-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் மசடகே ஹருதாவும் அவருடைய குழுவினரும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். சில உலோக ஆக்சைடுகளின் மேல் பதித்த மிக நுண்ணிய தங்கத் துகள்கள், நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை உறைநிலைக்கும் கீழான வெப்பநிலையிலேயே கார்பன் டைஆக்சைடாக மாற்றும் வினையூக்கியாகச் செயல்பட்டன!

சிறுமை எப்போதும் நன்மைதானா?

இல்லை. கணிப்பொறிச் சில்லுகளில் அதுவே இடையூறாகவும் வந்தது. ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசியாமல் தடுக்கும் சிலிக்கன் டைஆக்சைடு படலம் ஒன்று இருந்தது. சில்லுகள் சுருங்கச் சுருங்க அதுவும் மெலிந்து, 1.2 நானோமீட்டர் ஆயிற்று. அதாவது சுமார் ஐந்து அணு அடுக்குகளே! அவ்வளவு மெல்லிய சுவரை எலெக்ட்ரான்கள் ஊடுருவிச் செல்லத் தொடங்கின. மின்சாரம் வீணாயிற்று, சில்லும் சூடேறியது. எனவே 2007-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஹாஃப்னியம் கலந்த வேறொரு பொருளால், சற்றுத் தடித்த படலத்தை அமைத்துக் கசிவைக் குறைத்தது.

உடல்நலத்திலும் இதே எச்சரிக்கை தேவை. மிட்டாய்களுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டைஆக்சைடு நெடுங்காலம் பாதுகாப்பானது என்றே கருதப்பட்டது. ஆனால் அதில் நானோ அளவுத் துகள்களும் கலந்துள்ளன. அது மரபுப் பொருளுக்குக் கேடு செய்யாது என்று உறுதி கூற இயலாததால், 2022-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது.

பழகிய பொருள்தானே என்று, அதன் நுண்துகளை ஆராயாமல் ஏற்றுக்கொள்ள முடியாது. அளவு மாறினால் குணம் மாறும் என்றால், அளவு மாறும்போதெல்லாம் சோதனையையும் புதிதாகத் தொடங்க வேண்டும் அல்லவா?

இனி உங்களுக்கு ஒரு கணக்கு: அதே தங்கக் கனசதுரத்தை 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால், மொத்த மேற்பரப்பு எவ்வளவு? 600 சதுர மீட்டர் என்று விடை வந்தால், உங்கள் கணக்கு சரி.