டாக்டர் திரையில், விளக்கு சிஸ்டர் கையில்

நுனியில் ஆரஞ்சுச் சாயம் தோய்ந்த சின்னக் காகிதப் பட்டை. ஒரு சொட்டு சலைன் விட்டு அதை நனைத்து, பெரியவரின் கீழ் இமையைச் சற்றே இறக்கி, உள்பக்கம் லேசாகத் தொட்டு எடுக்கிறார் சிஸ்டர். "கண்ணை மூடித் திறங்கய்யா. இன்னொரு தடவை." அறை விளக்கு அணைகிறது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பின் வெள்ளை ஒளி நீலத்துக்கு மாறுகிறது. அடடா! கருவிழியின் மேல்தோல் எங்கே உரிந்திருக்கிறதோ, அந்த இடம் மட்டும் பச்சைப் பசேலென்று ஒளிர்கிறது! கதிரடிக்கும்போது நெல் சுணை பட்ட கண். கேமரா ஒரு க்ளிக். அடுத்த நிமிடம், ஊர்கள் தாண்டி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் டாக்டரின் திரையிலும் அதே பச்சை!

எனக்குக் கைதட்டத் தோன்றும் இடம் இது. டெலிமெடிசின் என்றதும் எல்லோருக்கும் திரையில் தெரியும் டாக்டர் முகம்தான் ஞாபகம் வரும். கூத்து முழுக்க நடப்பது திரைக்கு இந்தப் பக்கத்தில். டாக்டரால் இமையைப் புரட்டிப் பார்க்க முடியாது, டார்ச் அடிக்க முடியாது, கண்ணின் அழுத்தத்தை அளக்க முடியாது. அத்தனையும் இந்த இளம்பெண்ணின் கை செய்தாக வேண்டும். வாங்க, அந்தக் கைகள் எப்படித் தயாராகின்றன என்று எட்டிப் பார்த்துவிடுவோம்.

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு விஷன் சென்டர் புதிதல்ல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் திறந்துவரும் மையங்கள்; எண்ணிக்கை நூறைத் தாண்டியாயிற்று. அங்கே டாக்டர் உட்காருவதில்லை. இருப்பவர் பயிற்சி பெற்ற சிஸ்டர். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு வருடம் தங்களிடமே வைத்துப் பயிற்சி கொடுத்து உருவாக்குகிறார்கள். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவைக் கத்தியைக் கீழே வைக்காத டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. டாக்டர் செய்தே ஆகவேண்டிய வேலையை டாக்டரிடம் விட்டு, மற்றதையெல்லாம் கைதேர்ந்த சிஸ்டர்களிடம் ஒப்படைப்பது அந்த இடத்தின் பழக்கம். டெலிமெடிசின் வந்தபோது அந்தப் பழக்கம் அப்படியே கைகொடுத்தது.

பயிற்சியில் எனக்கு ரொம்பப் பிடித்தது ரெட்டினாஸ்கோப். கைக்கு அடக்கமான கருவி. அதிலிருந்து வரும் ஒளிக்கீற்றைக் கண்மணியின் குறுக்கே ஓட்டினால், உள்ளிருந்து செம்மஞ்சள் வெளிச்சம் ஒன்று திரும்பி வரும். அது ஒளிக்கீற்று போகும் பக்கமே போகிறதா, எதிர்ப்பக்கம் ஓடுகிறதா? கூடவே போனால் பிளஸ் லென்ஸ், எதிரே ஓடினால் மைனஸ். லென்ஸை மாற்றி மாற்றி வைக்க வைக்க ஓட்டம் குறைந்து, ஒரு கட்டத்தில் ஓடுவதே நின்று, கண்மணி முழுக்க ஒரே சமயத்தில் பளிச்சென்று நிரம்பும். முதல்முறை அது பிடிபடும்போது கற்றுக்கொள்கிற பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும்! முதலில் பொம்மைக் கண், பிறகு தோழிகளின் கண், அதன் பிறகுதான் நோயாளிகள். அட்டையில் எழுத்தே படிக்கத் தெரியாத பாட்டிக்கும், பேச்சு வராத குழந்தைக்கும் பவர் சொல்லிவிடலாம். நோயாளி வாயே திறக்க வேண்டாம்.

அடுத்தது வரிசை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு? கண்மணி (பாப்பா) விரிய மருந்து விடுவதற்கு முன்னால் டார்ச். ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு வெளிச்சத்தை மாற்றி மாற்றிக் காட்டினால், நரம்பு பழுதான கண்ணின் பாப்பா சுருங்குவதற்குப் பதில் விரியும். மருந்து விட்டாயிற்றென்றால் அந்தத் தடயம் போயே போச்சு. அன்றைக்கு எந்த டாக்டராலும் அதை மீட்க முடியாது. இன்னொன்று: கருவிழிக்கும் அதன் பின்னாலிருக்கும் ஐரிஸ் திரைக்கும் நடுவே இடம் குறுகலாக இருப்பவர்களுக்கு அதே மருந்து அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடலாம். அதனால் முன்பக்கம் பார்த்து, சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேட்டு, அப்புறம்தான் சொட்டு.

படம் எடுப்பதும் தனி வித்தை. "தாடையை இதுல வைங்க, நெத்திய ஒட்டுங்க, பச்சை வெளிச்சத்தையே பாருங்க, சிமிட்டாதீங்க..." க்ளிக்! ஓரத்தில் இமை முடி. மறுபடி! ஓரத்தில் நிழல். மறுபடி! நரம்பு கிளம்பும் வட்டமும் பார்வையின் மையமும் ஒரே படத்தில் தெளிவாக விழும்வரை விடுவதில்லை. சர்க்கரைக்காரரின் விழித்திரையில் ஊசிமுனை அளவு ரத்தப்பொட்டு இருந்தாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டுமே.

இவ்வளவும் முடிந்தபின் வருகிறது உச்சக்காட்சி. டாக்டரிடம் கேஸைச் சொல்வது. நம் பெரியவரையே எடுத்துக்கொள்வோம்.

"மேடம், வயசு 58, விவசாயம். வலது கண்ணு மூணு நாளா உறுத்தல், தண்ணி வடியுது. நெல் சுணை பட்டிருக்கு. சர்க்கரை இருக்கு, மாத்திரை எடுக்கிறார். பார்வை வலது 6/36, இடது 6/9. சாயம் போட்டுப் பார்த்தேன், நடுவுல பிடிச்சிருக்கு, சுத்தி வெள்ளையா இருக்கு."

"வீட்ல ஏதாவது விட்டாங்களா?"

"தாய்ப்பால் விட்டிருக்காங்க மேடம். மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்தும் வாங்கியிருக்கார். பாட்டில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன், ஸ்டீராய்டு."

அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதற்காகவே இந்தப் பெண்ணைத் தூக்கிவைத்துக் கொண்டாடலாம்! வயல்வெளிக் காயத்தில் பூஞ்சைக் கிருமி புகுந்திருந்தால் ஸ்டீராய்டு சொட்டு புண்ணை இன்னும் ஆழமாக்கும். பாட்டிலைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் புத்தி எந்தக் கேமராவிலும் கிடையாது. டாக்டர் உடனே நிறுத்தச் சொல்லி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்கிறார். பெரியவர் திரையைப் பார்க்காமல் சிஸ்டரைத்தான் பார்க்கிறார். "நாளைக்குப் போனா ஆகாதாம்மா?" "ஆகாதுங்கய்யா, இன்னைக்கே போகணும். மகன் நம்பர் குடுங்க, நானே பேசுறேன்." இதுவும் பாடத்தில் சேர்த்திதான்.

மையத்தையும் ஆஸ்பத்திரியையும் சேர்க்கும் கம்பியில்லா இணைப்புக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. ஆரம்ப நாட்களில் அரவிந்தின் தேனி ஆஸ்பத்திரியைச் சுற்றுவட்ட மையங்களோடு இணைத்தது நீண்டதூர வைஃபை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவரின் குழு செய்த வேலை. சாதாரண வைஃபை, அனுப்பிய தகவல் கிடைத்ததா என்ற பதில் நொடியின் சிறு துணுக்குக்குள் வராவிட்டால் மறுபடி அனுப்பும். தூரம் கிலோமீட்டர் கணக்கில் கூடினால் பதில் தாமதமாகி, அனுப்பியதையே அனுப்பிக்கொண்டிருக்கும். எனவே முறைத்தண்ணீர் பாய்ச்சுவதுபோல, இரு முனைகளும் நேரம் பிரித்துக்கொண்டு பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள். அப்புறம் பார்த்தால், இணைப்புக்குப் பெரிய எதிரி நம்ம ஊர் கரண்ட்! வோல்டேஜ் ஏறி இறங்கிக் கருவிகளைப் பதம் பார்த்தது. ஒவ்வொரு முறையும் பெர்க்லியிலிருந்தா ஆள் வர முடியும்? உள்ளூர் ஊழியர்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

டெலிமெடிசின் இப்போது கண்ணோடு மட்டும் நிற்கவில்லை. 2019 நவம்பரில் தொடங்கிய மத்திய அரசின் இ-சஞ்சீவனி, துணை சுகாதார நிலையங்களில் இருக்கும் பணியாளர்களை டாக்டர்களோடு இணைக்கிறது. 2020 மார்ச் 25-இல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்களில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நோயாளி தானாக டாக்டரை அழைத்தால் அதுவே சம்மதம். சுகாதாரப் பணியாளர் அழைத்தால், நோயாளியிடம் வெளிப்படையாகச் சம்மதம் கேட்டாக வேண்டும். "ஆத்தா, டாக்டரம்மாகிட்ட வீடியோல காட்டவா?" என்று கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் பொத்தான். பயிற்சியிலிருந்து டாக்டர்களுக்கும் விலக்கில்லை. அவர்களுக்கும் இணையவழிப் பாடம் உண்டு என்கிறது அதே ஆவணம்.

செயலிக்கும் கருவிக்கும் கிடைக்கும் கைதட்டலில் பாதியாவது இந்தப் பயிற்சிக் கூடங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. பணமும் அப்படியே.

போடி, சின்னமனூர், பெரியகுளம் என்று எந்தப் பக்கம் விஷன் சென்டர் கண்ணில் பட்டாலும் உள்ளே போய்ப் பாருங்கள். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், பார்வை நன்றாகவே தெரிந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்டிவிடுங்கள். துணைக்கு ஆள் வேண்டும்; மருந்து விட்டால் சில மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது. காத்திருக்கும் நேரத்தில், கூட்டம் இல்லையென்றால், அந்த ரெட்டினாஸ்கோப்பைக் கொஞ்சம் காட்டச் சொல்லி சிஸ்டரைக் கேளுங்களேன்!