செட் மாத்திரையும் முதுகெலும்பும்

மூட்டுவலி என்று மருந்துக் கடையில் போய் நின்றால், காகிதத்தில் மடித்த மூன்று நான்கு மாத்திரைகள் கைக்கு வருகின்றன. 'செட் மாத்திரை' என்பார்கள். அதில் ஒன்று பல நேரம் ஸ்டீராய்டு: பிரெட்னிசலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன். மருத்துவரின் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. போட்ட ஓரிரு நாளில் வலி அடங்கும், பசி எடுக்கும். அந்த நம்பிக்கையில்தான் மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள்.

அந்த மாதங்களில் எலும்புக்குள் நடப்பது வேறு. வளர்ந்தவர் உடலில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு அரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. அரிப்பது ஆஸ்டியோகிளாஸ்ட். ரத்தத்தின் மோனோசைட் வழியில் வந்த செல்கள் பல ஒன்றாகக் கூடி உருவாகும், பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல் அது. எலும்பின் மேல் இறுக ஒட்டிக்கொண்டு, தன் அடியில் அமிலத்தைச் சுரந்து தாது உப்பைக் கரைக்கும். நொதியால் கொலாஜனை அறுக்கும். அதன் ஆயுள் இரண்டு வாரம் போல. அது விட்டுச்சென்ற குழியில் ஆஸ்டியோபிளாஸ்ட்கள் வந்து முதலில் கொலாஜன் படலத்தை இடும். அது பத்துப் பதினைந்து நாள் கழித்தே இறுகத் தொடங்கும். அரிக்கச் சில வாரம், நிரப்பச் சில மாதம். ஆரோக்கியமான உடலிலேயே கணக்கு இவ்வளவு நெருக்கமானது.

கட்டி முடித்த செல்களில் ஒரு பங்கு, தான் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து ஆஸ்டியோசைட் ஆகிறது. எலும்புச் செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் இவைதான். பல ஆண்டுகள் உயிர் வாழ்பவை. ஒவ்வொன்றும் ஒரு சிறு அறையில் இருந்தபடி, முடியைவிடப் பல மடங்கு மெல்லிய கால்வாய்கள் வழியே கரம் நீட்டிப் பக்கத்துச் செல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நாம் நடக்கும்போது எலும்பு துளி வளையும். கால்வாய்த் திரவம் அசையும். அதை உணர்ந்து, எங்கே நுண்விரிசல், எங்கே அரித்துக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்வது இந்தச் செல்தான்.

ஸ்டீராய்டு இந்த மூன்று செல்களையும் தொடுகிறது. அரிக்கும் செல்லின் ஆயுளை நீட்டுகிறது. கட்டும் செல் உருவாவதைக் குறைத்து, இருப்பதையும் முன்கூட்டியே சாகடிக்கிறது. ஆஸ்டியோசைட்டையும் கொல்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அறை அப்படியே இருக்கும், உள்ளே செல் இருக்காது. என் பார்வையில் மிக மோசமான சேதம் இதுவே. எலும்பின் அடர்த்தி பெரிதாகக் குறையும் முன்பே அதன் வலிமை போய்விடும். அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் 'பரவாயில்லை' என்று காட்டும் எலும்பு உடையும்.

இது புதிய சேதி அல்ல. உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசோலை உடலே அளவு மீறிச் சுரக்கும் நோயை 1932இல் விவரித்த ஹார்வி குஷிங், நோயாளிகளின் முதுகெலும்பு நலிந்து கூன் விழுந்ததையும் குறித்திருக்கிறார். பிரிட்டனில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்த சுமார் 2,44,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2000இல் வந்த முடிவு இது: நாளுக்கு 7.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசலோன் எடுத்தவர்களுக்கு, மாத்திரை எடுக்காதவர்களைவிட முதுகெலும்பு முறிவு ஐந்து மடங்கு. 2.5 மில்லிகிராமுக்குக் கீழே எடுத்தவர்களுக்குக்கூட ஒன்றரை மடங்கு. முதல் சில மாதங்களிலேயே ஆபத்து ஏறத் தொடங்குகிறது. டெக்ஸாமெத்தசோன் 0.75 மில்லிகிராம், பிரெட்னிசலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். மாத்திரை சின்னது என்பதால் அளவும் சின்னது என்று நினைக்கக் கூடாது.

முதுகெலும்பு முறிவுகளில் பல வலியே தராதவை. உயரம் குறைவதும் கூன் விழுவதும்தான் அடையாளம். தொடை எலும்பின் தலை செத்துப்போவது ஸ்டீராய்டு தரும் இன்னொரு சேதம்: இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வலி இருக்கும், எக்ஸ்ரே தொடக்கத்தில் சரியாகவே இருக்கும், எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

லூபஸ், கடும் ஆஸ்துமா போன்ற நோய்களில் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. மூன்று மாதத்துக்கு மேல் தேவைப்பட்டால் எலும்பைக் காக்கவும் மருந்து உண்டு. அதை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாள்பட எடுத்தவர் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிட வேண்டாம். கார்ட்டிசோலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை விட்டிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மிச்சமிருக்கும் மாத்திரையை அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகக் குறைப்பது அவர் கையில்.