மாணிக்கம் விற்ற பெருமானும் இணையவழி மணி வணிகமும்

மதுரையில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆவணி மூலத் திருவிழாவில் ‘மாணிக்கம் விற்ற லீலை’யைத் தரிசித்த அன்பர்கள் பலர் இருப்பர். வேட்டைக்குச் சென்ற வீரபாண்டியன் புலியால் மாண்டான். காமக்கிழத்தியரின் மக்கள் கருவூலப் பொருளையும் மணிமுடியையும் கவர்ந்து சென்றனர். இளவரசனுக்குப் புதிய மகுடம் செய்ய நவமணிகள் இல்லை. கலங்கிய அமைச்சர்கள் ஆலயம் நோக்கி வர, சோமசுந்தரப் பெருமானே இரத்தின வணிகராய் எதிரில் தோன்றினார். ஒன்பது மணிகளின் பிறப்பு, நிறம், குணம், குற்றம் அனைத்தையும் விரித்துரைத்த பின்னரே அவற்றைக் கொடுத்தருளினார் எனத் திருவிளையாடற் புராணத்தில் பரஞ்சோதி முனிவர் பாடியுள்ளார்.

விற்கும் பொருளின் குற்றத்தை விற்பவரே முன்வந்து சொல்லுதல் மணி வணிகத்துக்கு இறைவன் வகுத்த இலக்கணம் எனலாம். வணிகரின் முகத்தைக் காணாமலே கைபேசியில் கல் வாங்கும் இக்காலத்தில் அவ்விலக்கணம் முன்னிலும் அதிகம் தேவைப்படுகிறது.

குறைந்த விலை குறையன்று

இணையவழியில் சில நூறு ரூபாய்க்கும் கல் கிடைக்கிறது. பல இலட்சத்துக்கும் கிடைக்கிறது. மலிவான கல் அனைத்தும் போலி என எண்ண வேண்டியதில்லை. கார்னெட், செவ்வந்திக்கல், காங்கேயம், கரூர் வட்டாரத்தில் கிடைக்கும் சந்திரகாந்தக்கல் போன்றவை இயற்கை மணிகளே. மாணிக்கத்துக்கு ஈடாகக் கார்னெட்டையும், முத்துக்கு ஈடாகச் சந்திரகாந்தத்தையும், நீலத்துக்கு ஈடாகச் செவ்வந்திக்கல்லையும் உபரத்தினமாக அணியும் வழக்கமும் உண்டு.

ஆய்வுக்கூடத்தில் உருவாகும் மாணிக்கத்தையும் இகழ வேண்டியதில்லை. பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்த் வெர்னெய் 1902-இல் அதற்கான முறையை வெளியிட்டார். வேதியியல் அமைப்பில் அது இயற்கை மாணிக்கத்தை ஒத்ததே. நம் திருச்சி நகரமும் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. செயற்கைக் கல்லைச் செயற்கை என்றே சொல்லி விற்பது நேர்மை. அதை இயற்கை எனக் கூறி விற்பதே வஞ்சனை.

பெயரும் எடையும்

பெயர் மயக்கம் இத்துறையில் மிகுதி. ‘ஜிர்கான்’ இயற்கைக் கனிமம்; ‘அமெரிக்கன் டைமண்ட்’ எனப்படும் கியூபிக் ஜிர்கோனியா செயற்கைப் பொருள். ‘புஷ்பராகம்’ என்னும் பெயரில் மஞ்சள் நிறச் சிட்ரினும் விற்கப்படுவதுண்டு. கனக புஷ்பராகம் வேறு இனம். இயற்கையா, செயற்கையா, வெப்பமூட்டப்பட்டதா, கண்ணாடி நிரப்பப்பட்டதா என்னும் நான்கு வினாக்களையும் எழுத்தில் கேட்டு, விடையையும் எழுத்தில் பெறுதல் நலம்.

காரட் என்பது 200 மில்லிகிராம். ரத்தியோ குன்றிமணியின் எடையிலிருந்து பிறந்த பழைய அளவு. வணிகத்துக்கு வணிகம் மாறுபடுவது. ஆகவே எடையைக் காரட்டில் கேட்க வேண்டும். விலையுயர்ந்த கல்லாயின் ஆய்வகச் சான்றிதழ் தேவை. அதன் எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். தங்கத்தில் பதித்த நகையாயின் ஆறு எழுத்தெண்கள் கொண்ட ஹால்மார்க் குறியீட்டை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டுப் பார்க்கலாம்.

நல்ல வணிகரின் அடையாளம்

எங்கள் இல்லத்தில் மருமகளுக்காக, வெள்ளியில் பதித்த கார்னெட் காதணிகளை ஜெய்ப்பூர் வணிகர் ஒருவரிடம் இணையவழியில் வாங்கினோம். பணம் செலுத்துமுன் அவரே எழுதினார்: “ஒரு கல்லினுள் கூர்ந்து நோக்கினால் தெரியும் சிறு கீற்று உண்டு. நிறமும் படத்தில் உள்ளதைவிடச் சற்று அடர்ந்திருக்கும்.” பகல் வெளிச்சத்தில் எடுத்த காணொளியையும் அனுப்பினார். வந்து சேர்ந்த காதணியில் ஒரு திருகு தளர்ந்திருப்பதைத் தெரிவித்ததும், கூரியர் செலவைத் தாமே ஏற்று மாற்றித் தந்தார். விலை சிறிதே, நடத்தை பெரிது.

எல்லா வணிகரும் அத்தகையோர் அல்லர் என்பதால் சட்டமும் துணை நிற்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருளைத் திருப்பித் தரும் முறையையும் பணம் மீளும் முறையையும் விற்பவர் தெரிவித்தாக வேண்டும். இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர், முறையீட்டைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொட்டலத்தைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்து வைத்தல் பின்னர் உதவும்.

பூஜையறையில் கவனம்

மோதிரத்தைப் பாலில் இட்டு, பூஜையில் வைத்து அணிவது நம் மரபு. முத்தும் பவளமும் சுண்ணத்தால் ஆனவை. எலுமிச்சைச் சாறும் தயிரும் அவற்றை அரிக்கும். கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்துக்கும் எலுமிச்சை ஆகாது. பொற்கொல்லரின் தீயும் ஆகாது. மரகதத்தின் விரிசல்களில் எண்ணெய் ஊட்டும் வழக்கம் இருப்பதால் அதைக் கொதிநீரில் இடலாகாது. பாலில் கணநேரம் நனைத்து, தூய நீரில் அலசி, மென்துணியால் ஒற்றினால் போதும்.

அச்சத்தால் கடன்படலாகாது

வங்கியில் நகைக்கடன் பிரிவில் பணியாற்றியபோது கண்ட காட்சி இது. மகளின் திருமணத் தடை நீங்க வேண்டும் எனக் கடன்பட்டுப் பெரிய கனக புஷ்பராக மோதிரம் வாங்கியிருந்த ஒருவர், மனைவியின் மருத்துவச் செலவுக்காக அதனை அடகு வைக்க வந்தார். மதிப்பீட்டாளர் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டுமே மதிப்பிட்டார். நகைக்கடனில் கல்லுக்கு மதிப்பில்லை என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். கையில் வாங்கிய சொற்பத் தொகையை அவர் இருமுறை எண்ணிப் பார்த்தது இன்றும் என் நினைவில் உள்ளது.

விரும்பிய கல்லை வருவாய்க்கேற்ப வாங்கி மகிழ்வதில் தவறில்லை. கிரகத்துக்கு அஞ்சிக் கடன்படுதல் மட்டும் வேண்டாம். நவகிரக சந்நிதியில் ஒன்பது முறை வலம் வர எவரும் விலை கேட்பதில்லை. மணிகளின் குணமும் குற்றமும் உரைத்த ஆலவாய் அண்ணல், மெய்யுரைக்கும் வணிகரை நமக்குக் காட்டி, நம் இல்லங்களைக் கடனின்றிக் காத்தருள்வாராக.